பூட்ஸ் சத்தமும் கதவோர நாற்காலியும்

படம் காட்டும் தொழிலில் விளக்கை அணைப்பது எளிது. இருட்டில் அமர்ந்திருப்பவர்களைப் பற்றிய கவலையை அணைப்பதுதான் கடினம். ஞாயிறுதோறும் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், கிளென் ஈடன் மண்டபத்தில் பழைய படங்களைத் திரையிடும் என்னைப் போலவே எங்கெங்கோ அவதிப்படும் அன்பர்களே, கேளுங்கள்.

பாட்டில்லாத படம்

அன்று நான் தேர்ந்தெடுத்தது பிரிட்டனில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம். இராணுவப் பயிற்சிப் பள்ளி மாணவர்களின் கதை. கட்டுப்பாட்டின் மேன்மையை நம் பிள்ளைகள் உணரட்டும் என்பது என் நோக்கம். நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்த மதுரைக்காரர் ரமேஷ் சுவரொட்டியைப் பார்த்தார். "பாட்டும் இல்ல, ஹீரோயினும் இல்ல. நீங்க, நான், புரொஜெக்டர், மூணு பேருமா உக்காந்து பாக்கலாம் சார்."

கதவோர நாற்காலி

முதலில் வந்தவர் சிவபாலன் அண்ணர். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர். நகரின் தெற்கே மனுரேவாவில் கிடங்கு வேலை. உடன் மகள் தாரணி. பள்ளிப் பிள்ளைகளுக்கு இராணுவப் பயிற்சி தரும் இங்குள்ள கடெட் அணியில் சேர அவள் அனுமதி கேட்ட நாளிலிருந்து வீட்டில் இருவருக்கும் பேச்சில்லை. முன்வரிசை காலியாக இருந்தும் அண்ணர் வெளிக்கதவை ஒட்டியே அமர்ந்தார். "படத்தைப் பாத்துப்போட்டுத்தான் இவளுக்கு ஓமோ இல்லையோ எண்டு சொல்லுவன், தம்பி."

ஒலிப் பித்தான்

அணிவகுப்புக் காட்சி வந்தது. பூட்ஸ் ஒலி மண்டபத்தை நிறைத்தது. அண்ணரின் விரல்கள் நாற்காலியை இறுகப் பற்றின. பிறர் துயரறிந்து நடப்பதே பண்பு என்றெண்ணி, ஒலியை அடியோடு குறைத்தேன். திரையில் படை ஓசையின்றி நடந்தது. அண்ணர் எழுந்து என்னருகே வந்தார்; நெற்றியெல்லாம் வியர்வை. "சத்தத்தைக் குறைக்காதேங்கோ தம்பி. கேட்டால்தானே எவ்வளவு தூரத்தில வாறாங்கள் எண்டு தெரியும்."

விழுந்த மாணவன்

கருணை காட்டுமுன் கேட்டறிய வேண்டும், அன்பர்களே. எனக்கு அது அன்றுதான் விளங்கிற்று. ஒலியைக் கூட்டினேன். படத்தின் இறுதியில், வெயிலில் நின்ற மாணவன் ஒருவன் மயங்கி விழுந்தான். கட்டளை வராததால் வரிசையில் எவரும் அசையவில்லை. விளக்கைப் போட்டதும், அண்ணர் எழுந்து போய்விடுவாரோ என்று அஞ்சினேன். அவரோ மகளிடம் திரும்பினார்.

"விழுந்தவனை ஒருத்தரும் தூக்கேல்லை. நீயெண்டால்?"

"தூக்குவன் அப்பா. ஒப்வியஸ்லி."

"பணிஷ்மென்ட் தருவாங்கள்."

"ஸோ வாட்?"

அண்ணர் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்ப போ. ஆனா ட்ரெயினில வேண்டாம். நான் கொண்டுபோய் விடுவன். பயிற்சி முடியுமட்டும் வாசலில நிப்பன்."

படம் காட்டுபவன் கையில் இருப்பது ஒரேயொரு ஒலிப் பித்தான். அதையும் பார்ப்பவரைக் கேட்டுத்தான் தொட வேண்டியிருக்கிறது.