சித்தப்பா தின்ற தட்டு

நோத்ர-டாம்-த-கிரேஸில் நாங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர். அவர் போர்த்துக்கல்காரர், மனைவி ஸ்பானியக்காரி. ஊரிலிருந்து வந்திறங்கிய சித்தப்பா எங்களோடு தங்க அவர்கள் சம்மதிக்க வேணும். இல்லையென்றால் அந்தக் குளிருக்குள் அவருக்குப் போக்கிடமில்லை. நவம்பர் தொடக்கத்தில் ஒரு பின்னேரம், அம்மா விளக்கேற்றித் திருநீறு பூசிவிட, அப்பாவும் சித்தப்பாவும் கேட்கப் போனார்கள். பிரெஞ்சு கதைக்க என்னையும் கூட்டிப்போனார்கள்.

அடுப்பில் செஸ்நட் என்கிற கொட்டை வறுபட்டுக்கொண்டிருந்தது. உங்கட பாசையில் இதுக்கு என்ன பேர் என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டுவிட்டேன். அவர் "கஷ்தாஞ்ஞா" என்றார். அவ "கஸ்தாஞ்ஞா" என்று திருத்தினா. இரண்டும் லத்தீனிலிருந்து வந்த ஒரே சொல்தானாம், லத்தீன்காரர் கிரேக்கரிடம் எடுத்ததாம். ஆனாலும் ஆர் சொல்வது சரியென்று சண்டை. தன்ர ஊரில் நல்ல அடிக்கும் அதுதான் பேர், வேணுமோ என்று அவ கையை ஓங்கினா. ஆடுகிறவர்கள் கையில் தட்டுகிற கட்டைக்கும் இந்தக் கொட்டையால்தான் பேர் வந்ததாம். கஜுவை, அதுதான் முந்திரிப் பருப்பை, அதையும் தாங்கள் கஜுக் கஷ்தாஞ்ஞா என்றுதான் சொல்வோம் என்று அவர் சொல்ல, நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"அந்தக் காலத்தில எங்கட ஊர்க் கோட்டையைப் பிடிச்சது காணாதெண்டு கஜுவையுமோ?" என்றார் அப்பா.

இந்த வாக்குவாதத்தில் சித்தப்பாவை எல்லாரும் மறந்துபோனோம். மேசையடியில் வெறுங்கதிரை ஒன்று கிடந்தது. அதற்கு முன்னால் ஒரு தட்டு நிறைய வறுத்த செஸ்நட். வைத்ததைத் தொடாவிட்டால் வீட்டாருக்கு மரியாதையில்லை என்று வளர்ந்த மனுசன், அந்தக் கதிரையில் இருந்து உரித்து உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அது செத்துப்போன மகனுக்கு வைத்த தட்டு என்று மெதுவாகச் சொன்னார். செத்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்களின் நாளில் அப்படி வைப்பார்களாம். நான் சொன்னதும் அப்பாவின் முகம் கறுத்தது.

"எழும்படா! எல்லாம் நாசமாப்போச்சு."

அவ முன்னம் ஓங்கின கை இப்ப விழப்போகுது என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ சித்தப்பாவின் தோளில் கையை வைத்து அமர்த்தினா. சுடச்சுட இன்னும் கொஞ்சம் உரித்து அவருக்கு முன்னால் வைத்தா. கண்ணீர் ஓடுது, சிரிக்கிறா. அவர் எங்களோடு தங்கட்டும் என்று என்னைச் சொல்லச் சொன்னா.

மேலே வந்து சொன்னதும், முருகன் செயல் என்றா அம்மா.

இப்போது அப்பாவின் திவசத்துக்குப் படைத்துப்போட்டு, பால்கனியில் சோற்றை வைத்துவிட்டுக் காகம் வருமா என்று நிற்கிறேன். வந்து ஒரு வாய் எடுத்தால் எனக்கும் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாய் வருகிறது. அன்றைக்கு இது தெரியாது. பசியோடு வந்த சித்தப்பா தின்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.