ஏழு தண்ணீரும் ஒரு சிரட்டை மண்ணும்

எண்ணிக்கை எனக்குக் காதால்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்பே ஏழு வரை எண்ணுவேன். ஏழுக்கு அப்பால் உலகத்தில் ஒன்றும் இல்லை என்றும் நினைத்திருந்தேன்.

பின்னேரத்து அஸர் பாங்குக்குச் சற்று முன்னால் வாப்பாவின் சைக்கிள் வயலிலிருந்து வந்து வேலி வாசலான கடப்படியில் நிற்கும். மனிதர் வீட்டுக்குள் வரமாட்டார். நேரே கிணற்றடிக்குப் போவார். கிணற்றுக் கட்டில் ஒரு தேங்காய்ச் சிரட்டை, அது நிறைய வட்டையிலிருந்து, அந்த வயல்வெளியிலிருந்து, கொண்டுவந்த களிமண். ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, முழங்கை வரை பூசித் தேய்ப்பார். அது ஒன்று. பிறகு சளக், சளக் என்று வெறும் தண்ணீர் ஆறு முறை. உள்ளே பாயில் கிடந்தபடி எண்ணுவேன். ஏழாவது சளக் அடங்கிய பிறகுதான் "மகள்" என்ற குரல் வரும். அதுவரை அவர் யாருக்கும் வாப்பா இல்லை.

நாய் பட்டால் அப்படித்தான். ஏழு தண்ணீர், அதில் ஒன்று மண் கலந்தது. கல்முனைக்குடியில் நடை பழகும் பிள்ளைக்கும் இது தெரியும். கடற்கரை மணல் உதவாது, தண்ணீர் கலங்கவேண்டும் என்பார் உம்மா. அதனால்தான் அந்தச் சிரட்டையும் வட்டை மண்ணும்.

நாயின் பெயர் சுட்டியன். கன்னங்கரேலென்ற உடம்பு, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைச் சுட்டி. மாட்டுக்கு வைக்கிற பெயரை நாய்க்கு வைத்தது வாப்பா. பன்றிக்கும் யானைக்கும் வயல் குடிசையான வாடியில் காவல் கிடந்த நாய் அது. ஒரு போகத்து வேளாண்மை வெட்டு முடிந்த நாளில் சைக்கிளின் பின்னால் ஓடிவந்தது. அன்றிலிருந்து பகலில் வட்டை, பின்னேரமானால் எங்கள் வளவின் கடப்படி என்று ஆயிற்று. படி என்றா சொன்னேன்? படி ஒன்றும் இல்லை. வேலிக்கு நட்ட இரண்டு பூவரசங் கதியால்கள், நடுவே வெறும் மணல். அந்த மணலில் யாரும் கோடு கிழிக்கவில்லை. சுட்டியனின் கண்ணுக்கு மட்டும் அங்கே ஒரு கோடு இருந்தது. ஒரு நாள் சூரைத் தலை ஒன்றைக் கடப்புக்கு உள்ளே, ஒரு முழத் தூரத்தில் போட்டேன். கோட்டின் மேல் மூக்கை வைத்துக்கொண்டு, வாயில் நீர் வடிய வடிய, என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தது. தாண்டவில்லை. காகம் வந்து கொண்டுபோனது.

எனக்கு அது பெரிய ஆச்சரியம். வாப்பாவின் தம்பி, என் சாச்சா, எதற்கும் ஒரு கதை வைத்திருப்பவர். அவரிடம் கேட்டேன்.

"நாய் இரிக்கிற வீட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்ககா. அது அந்த நாய்க்குத் தெரியும். அதான் அவங்களுக்கு வழியை விட்டுட்டு வெளியில படுத்திரிக்கி."

சொல்லிவிட்டுச் சாச்சா சாயத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். நான் போகவில்லை. கடப்படியிலேயே இருந்தேன். சுட்டியன் சிலவேளை தலையை நிமிர்த்தி, ஒன்றுமில்லாத காற்றை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை கண்ணால் பின்தொடரும். பிறகு பெருமூச்சு விட்டுத் தலையைச் சாய்க்கும். என் கை மயிரெல்லாம் எழுந்து நிற்கும். எங்கள் வீட்டில் மலக்குமாரை, அந்த வானவர்களை, காண்பது இந்த ஒரு சீவன்தான் என்று நம்பினேன். அது பார்த்த பக்கத்துக்கு மெல்லமாக ஸலாமும் சொல்லி வைத்தேன்.

பிறகு மாரி வந்தது. மூன்று நாள் விடாத மழை. சுட்டியன் கடப்படியில் சுருண்டு கிடந்தது. மழை அதன் முதுகில் விழுந்து தெறித்தது. உம்மா ஜன்னலால் பார்ப்பதும் முகத்தைத் திருப்புவதுமாக இருந்தார்.

"இஞ்ச பாருங்க, அந்தச் சீவன் மழைக்க கிடந்து செத்துப்போனா நமக்குத்தான் பாவம். வட்டையில கொண்டுபோய் விட்டுட்டு வாங்க."

"வாடியை யானை பிரிச்சுப் போட்டுட்டு. ஆருமில்லாத இடத்தில எப்படி விடுற?"

"அப்ப வீட்டுக்குள்ளயா வெச்சிரிக்கப் போறீங்க?"

வாப்பா ஜன்னலடிக்குப் போய் வெளியே பார்த்தார். "வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியட்டும். பின்னேரம் கொண்டுபோறன்."

யானை பிரித்துப் போட்ட இடத்தில் சுட்டியன் தனியாக. வியாழக்கிழமை உம்மா மீன் கழுவும்போது பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"உம்மா, நாய் நக்கின சட்டிய என்ன செய்ற?"

"ஏழு தரம் கழுவுற. ஒருக்கா மண் போட்டு."

"பிறகு?"

"பிறகு சுத்தம்."

"பிறகு அதுல சோறு தின்னலாமா?"

"ஓம்கா, தின்னலாம்." உம்மாவின் கை நின்றது. "ஏன், எந்தச் சட்டிய நக்கிட்டு?"

"ஒரு சட்டியும் இல்ல."

பொய் இல்லை. நான் நினைத்தது சட்டியை அல்ல.

வெள்ளிக்கிழமை மழை ஓய்ந்தது. ஆண்களெல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் தெருவே பெண்களுடையதும் கோழிகளுடையதும் ஆகிவிடும். உம்மா உள்ளே ளுஹர் தொழுதுகொண்டிருந்தார். நான் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சுட்டியனைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டேன். இழுத்தேன். நாலு காலையும் மணலில் ஊன்றிக்கொண்டு கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றது. சரி, கிணறு அதனிடம் போகட்டும். அரை வாளி, அரை வாளியாகச் சுமந்தேன்.

முதல் தண்ணீரோடு சிரட்டை மண் முழுவதையும் கொட்டித் தேய்த்தேன். நெற்றிச் சுட்டி மறைந்து அது முழுக் களிமண் நாயானது. ஓடியிருக்கலாம். காட்டுப் பன்றியை விரட்டிய நாய் அது. ஆறு வயதுக் கைகளுக்குக் கீழே நடுங்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றது. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தில் உடம்பை ஒரு உலுப்பு உலுப்பியது. தலை முதல் கால் வரை எனக்கும் பட்டது.

இப்போது என்ன செய்வது? நாய் பட்டவள் நாயைக் கழுவினால் நாய் சுத்தமாகுமா? யோசித்தேன். ஒரே வழிதான் தெரிந்தது. முதலிலிருந்து, இருவருக்கும் சேர்த்து. ஒரு கையால் சுட்டியனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குந்தி, என் தலையிலும் அதன் தலையிலும் ஒன்றாக ஊற்றினேன். மண் முடிந்திருந்தது. மழை நின்ற குழியிலிருந்து சேற்றை அள்ளினேன். ஏழாவது தண்ணீர் ஊற்றி முடித்து "சுத்தம்" என்று உரத்துச் சொன்னேன். சுட்டியன் என் கன்னத்தில் நக்கியது. சூடான, சொரசொரப்பான நாக்கு. அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அழவேண்டும் போலிருந்தது. மறுபடி எண்ணவேண்டும் என்பது மறந்துபோனது.

தலையை நிமிர்த்தினேன். வெள்ளைச் சாரன்களும் வெள்ளைத் தொப்பிகளும் தெரு நிறைய நின்றன. ஜும்ஆ முடிந்துவிட்டது.

"என்ன இது, நாய்க்கும் ஜும்ஆக் குளிப்போ?" என்றார் பக்கத்து வீட்டு மாமா. தெரு சிரித்தது.

வாப்பா சிரிக்கவில்லை. என் எதிரில் குந்தினார்.

"எத்தன தரம் மகள்?"

"அஞ்சும் ஏழும்."

"மண்?"

"ரெண்டு தரம் வாப்பா. இனி உள்ளுக்கு வரலாம்தானே?"

அவர் பதில் சொல்வதற்குள் சுட்டியன் இரண்டு அடி நடந்து, தன் சேற்றுத் தாடையை அவருடைய வெள்ளைச் சாரனின் முழங்காலில் வைத்தது. அத்தனை பேருக்கும் முன்னால். வாப்பா முழங்காலை இழுத்துக்கொள்ளவில்லை. சிரிப்பு ஒவ்வொரு வாயாக அணைந்தது. கடலின் இரைச்சல் எங்கள் கடப்படி வரை கேட்டது. நாய் பார்க்கிற காற்றை அன்று எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

சாச்சாவால் பொறுக்க முடியவில்லை. "சட்டியக் கழுவினா சுத்தமான சட்டி. நாயக் கழுவினா ஈர நாய். அவ்வளவுதான்கா."

மறுபடியும் சிரிப்பு. நான் ஓவென்று அழுதேன். அப்போது வேலிக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"வெளியில ஒரு பத்தி இறக்கிக் குடுத்தா என்ன? பழைய கிடுகு கிடக்குதானே. வட்டைக்கு ஒண்டும் போகத் தேவல்ல."

அன்று பின்னேரமே கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலு கம்பும் தென்னோலைக் கிடுகுமாகச் சுட்டியனுக்கு வீடு வந்தது. அதில் அது இன்னும் நாலு மாரி கண்டது.

ஆனால் எனக்கு ஒரு வன்மம் மிஞ்சியது. அன்று கடப்படியிலிருந்து வாப்பா என்னைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றடியில் ஏழு தண்ணீர் வார்த்தார். பிறகு தனக்கும் ஏழு. சிரட்டை காலி என்று கண்டு, வாழை அடியில் மண் கிளறி எடுத்தார். மறுநாள் வட்டையிலிருந்து ஒரு பை மண் கொண்டுவந்து சிரட்டையை நிரப்பி வைத்தார். எனக்குக் கொதித்தது. அவ்வளவு அருவருப்பா? "வாப்பாக்கு சுட்டியனைக் கண்ணில காட்டக்கூடாதா?" என்று கேட்டேன். "போகா மகள்" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அந்தச் சளக் சத்தம் ஒவ்வொன்றும் சுட்டியன் மேல் எறிகிற கல்லாகவே எனக்குக் கேட்டது.

போன மாதம் கடைத்தெருவில் ஒரு நாய்க்குட்டி என் விரலை நக்கியது. வீட்டுக்கு வந்து குழாயடியில் நின்றேன். கிணறு மூடிப் பல காலம். மண் கரைத்து ஒன்று, பிறகு இரண்டு, மூன்று. நாலாவதில் என் கை நின்றுவிட்டது.

காய்ந்த நாய் காய்ந்த கையில் பட்டால் கழுவத் தேவையில்லை. ஈரம் வேண்டும், நாக்கு வேண்டும். இந்தச் சட்டத்தைப் பத்து வயதில் மத்ரஸாவில் மனப்பாடமாக ஒப்புவித்தவள் நான். சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவருகிற நாய்க்காக ஒரு மனிதர் கை கழுவ வேண்டியதில்லை. வாடியில் காவல் கிடக்கிற நாய்க்காகவும் இல்லை. வாப்பாவோ மழை இல்லாத நாளிலும் கழுவினார். எந்நாளும். முழங்கை வரை.

கேட்டுப் பார்க்க இப்போது வாப்பா இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிரட்டையில் மண் தீர்ந்து நான் கண்டது ஒரே ஒரு நாள், அதுவும் நான் கொட்டியதால். மற்ற நாளெல்லாம், நாளைக்கும் அந்த நாக்குப் படும் என்று இன்றைக்கே மண் அள்ளிவந்து வைத்திருந்தார் அந்த மனிதர்.