ரிகா படமும் தம்பியின் தோணியும்

பேய்க்கதை சொன்னால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் நான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, மீன் சப்ளை செய்துகொண்டிருந்தேன். ஒரு ரஷ்யக் கப்பலின் சமையல்காரருக்கு நம்ம ஊர் மக்ரூன் என்றால் உயிர். ஒரு டப்பா கொடுத்தேன். பதிலுக்குத் தன் சொந்த ஊரான ரிகாவின் பழைய படம் ஒன்றைக் கொடுத்தார். செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்சடித்த படம். ஆறு, பாய்மரக் கப்பல்கள், அக்கரையில் ஊசி ஊசியாகக் கோபுரங்கள், நடுக்கோபுரத்தின் உச்சியில் ஒரு சேவல்.

அம்மா அதைப் பார்த்ததும், "ஏலே, சேவல் நிக்கி பாரு. இது ராயப்பர் கோயில்தாம்ல" என்றாள். ராயப்பர், அதாவது பேதுரு, யேசுவை மறுதலித்தபோது சேவல் கூவியதே, அதுதான் அவள் கணக்கு. வெறும் ஊர்ப் படம் என்று நான் சொன்னால் கேட்டால்தானே? மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, மாலையும் போட்டுவிட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கொழும்பிலிருந்து பாய்த்தோணியில் கிளம்பிய தம்பி அந்தோணி இன்னும் வந்து சேரவில்லை. கூடக் கிளம்பிய தோணிகள் எல்லாம் எப்போதோ கரைக்கு வந்துவிட்டன. எனக்கும் சோறு இறங்கவில்லை. அன்று சாயங்காலம் அம்மா அந்தப் படத்தின் முன்னால் முழங்காலிட்டு ஜெபமாலை சொல்ல, நான் புழுக்கத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

நம்பினால் நம்புங்கள், மறுநாள் மத்தியானம் அந்தோணி வாசலில் நிற்கிறான்! அம்மா அழுதாள், அவனை அடித்தாள், கட்டிக்கொண்டாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம். உள்ளே வந்தவன் படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணே, இந்தச் சேவக் கோபுரத்த நேத்து பொழுதடையில கடல்ல பாத்தோம். மூட்டத்துல திசை தெரியாம அலைஞ்சிட்டுக் கெடந்தோம். அதப் பாத்துத் தோணியத் திருப்பினோம். மூட்டம் விலகுனா, நம்ம ஊரு முயல்தீவு கலங்கர வெளக்கு!"

அவன் கிளம்பிப் போன பிறகு வந்த படம் அது. படத்தில் இக்கரையில் சிலபேர் நமக்கு முதுகைக் காட்டி ஆற்றைப் பார்த்து நிற்கிறார்கள். அவர்களை விரலால் தொட்டான்.

"இவுங்க மொகத்தையெல்லாம் பாத்தேண்ணே, சிரிச்சிக்கிட்டு நின்னாங்க. இவுங்களுக்குப் பின்னால நீயும் நின்னியே. சட்ட இல்லாம, கையில மெழுகுதிரியோட, ஒரு வெரல வாயில வச்சிக்கிட்டு."

மெழுகு சொட்டிச் சுட்டதால் விரலை வாயில் வைத்தது வாஸ்தவம். கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்த அம்மாகூட அதைப் பார்க்கவில்லை.

படம் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் அதன் முன்னால் நான் சட்டையைக் கழற்றுவதில்லை.