பொம்மிக்குப் பொருந்திய பெயர்

என் மாமனார் தாமோதரன் எதையும் மூன்று முறை சொல்வார். "தண்ணி கொண்டா... தண்ணி கொண்டா... தண்ணீ" என்று மூன்றாவதை இழுத்து நிறுத்துவார். கல்யாணமாகிக் காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்த புதிதில், எனக்குக் காது மந்தம் என்று நினைக்கிறாரோ என்று பயந்தேன். அவர் காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். அந்த ராகம் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

ஒரு விடியற்காலை நாத்தனார் நர்மதா என்னை அங்கே கூட்டிப் போனார். நான் அண்ணி என்று கூப்பிடுகிற அவருக்கு மீன் வியாபாரம். ஐஸ் உடைக்கிற சத்தம், வண்டிச் சத்தம், நூறு பேர் கூச்சல். அத்தனைக்கும் மேலே ஒரு குரல் ஏறி நின்றது. வீட்டில் பார்க்கிற ஒல்லியான மனிதர்தான் அது என்று நம்ப எனக்கு நேரமானது.

இரண்டு வருடம் முன்னால் மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு சொல் மிஞ்சியது. பொம்மி. அது அவருடைய அம்மாவைத் தெருவே கூப்பிட்ட பெயர். அந்த அம்மாளின் நிஜப் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாது. தண்ணீர் வேண்டுமென்றாலும் பொம்மி, மின்விசிறி போட வேண்டுமென்றாலும் பொம்மி, கோபம் வந்தாலும் பொம்மி. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினேன்.

எனக்குப் பெண் பிறந்ததும், எட்டிப் பார்த்து "பொம்மி" என்றார். கூப்பிடுகிற பெயர் அத்தோடு முடிவாகிவிட்டது. எழுதுகிற பெயர்தான் பாக்கி. எண்ணூரில் டிரெய்லர் ஓட்டும் என் கணவர் மணி, செல்போனில் தேடி ஸ்ரீநிகா என்று ஒன்றை எடுத்து வைத்திருந்தார்.

எங்கள் வீட்டு வழக்கப்படி, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற அன்று வீட்டுக்குப் பெரியவர் அதன் காதில் மூன்று தரம் பெயரைச் சொல்ல வேண்டும்.

"நைனாவால முடியாதுக்கா. நீயே சொல்லிடு" என்றார் என் கணவர், அண்ணியிடம்.

"அவரு குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ நான் எப்புட்றா சொல்வேன்?"

மாமா அங்கேதான் கட்டிலில் இருந்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து அண்ணி, மீன் விற்று முடித்ததும் நேராக வந்து அவர் எதிரில் உட்கார்ந்துவிடுவார். ஸ்ரீநிகா என்று சொல்ல வைக்கப் பார்ப்பார். மாமாவுக்கு நெற்றியில் வேர்க்கும், உதடு கோணும், கடைசியில் பொம்மிதான் வரும்.

"டேய் மணி, வூட்ல பொம்மி, ஏட்டுல ஸ்ரீநிகாவா? கண்டாங்கிச் சேலைக்கு மேல கோட்டு மாட்டுனா மாரி கீதுடா. பழைய பேரா பாரு."

"பழைய பேரு வெச்சா இஸ்கூல்ல ஓட்டுவாங்க."

"உன்ன ஓட்டாத ஓட்டா? கோயில் மணி, இஸ்கூல் மணின்னு அழுதுகினு வருவ. இப்போ இன்னா கொறஞ்சி பூட்ட?"

ஒரு நாள் மாமாவைச் சிரிக்க வைக்க, அண்ணி காலிக் கூடையை முன்னால் போட்டு எழுந்து நின்றார். "ஏலம் நைனா, ஏலம்! பொம்மீ... அலமேலு! கேக்க ஆளு இல்லியா? பொம்மீ... அஞ்சலாட்சி!" மாமா பாதி முகத்தால் சிரித்தார். "பொம்மீ... வடிவாம்பாள்!" என்று அண்ணி இழுத்தபோது அவர் உதடும் கூடவே அசைந்தது. குழந்தையோடு கதவோரம் நின்ற எனக்கு அது தெரிந்தது.

"அண்ணி, அதையே இன்னொரு தரம்" என்றேன்.

அண்ணி அந்த ராகத்தில் திரும்பச் சொன்னார். மறுபடி உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. இந்த ஊர் அம்மன் பெயராயிற்றே என்று என் கணவரும் அதையே வைக்க அரை மனதாகச் சரி சொன்னார்.

தொட்டில் அன்று கூடம் நிறைய ஆட்கள். மாமாவைத் தாங்கிப் பிடித்துக் குனிய வைத்தோம். நெற்றி வேர்த்தது, உதடு கோணியது, சொல் வரவில்லை. யாரோ இருமினார்கள். கணவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி அசையவில்லை.

அப்போது அந்தக் குரல் வந்தது. காதில் சொல்கிற ரகசியம் இல்லை, காசிமேட்டில் கேட்ட அதே குரல்.

"பொம்மீ... வடிவாம்பாள்!"

குழந்தை தூக்கிவாரிப்போட்டு அழுதது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். இரண்டாம் தரமும் சொன்னார். மூன்றாம் தரத்துக்கு மூச்சு இழுத்தபோது, முப்பது வருடம் அவரிடம் மீன் எடுத்த தங்கப்பாண்டி, பழக்கத்தில் கையைத் தூக்கிவிட்டார்.

"யோவ், கைய எறக்கு! புள்ளய ஏலம் எடுக்கப் போறியா?" என்று அண்ணி கத்த, கூடமே சிரித்தது. அதற்குள் மாமா மூன்றாவதையும் சொல்லி முடித்திருந்தார். இத்தனை நாளும் அந்தக் குரல் அவருக்குள் எங்கே இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

பொம்மிக்கு இப்போது பத்து மாதம். பிறப்புச் சான்றிதழில் வடிவாம்பாள். மாமா இரண்டு பெயரையும் சேர்த்து, ராகத்தோடு மட்டும் சொல்கிறார். வடிவாம்பாள் என்று தனியாகச் சொல்ல வரவில்லை. என் பெயரும் வரவில்லை, அவர் மகன் பெயரும் வரவில்லை. தண்ணீர் கேட்பதற்கு இன்னும் பொம்மிதான்.