பட்டு பிடிக்காத கை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனது. எழுத்து கோணலாக விழும், எந்த வருஷம் எது நடந்தது என்பதும் மறந்துபோகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வெடித்த கையைப் பற்றி என்றால் எனக்குத் தயக்கம் கிடையாது. அதை ஆற்றுவது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு தேர்த் திருவிழாவை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

அறுபதுகளின் நடுவில், எங்கள் தெருவுக்குக் கரண்ட் வராத காலம். மூத்த பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தான். கோட்டை மலைப் பக்கம் வீடு. பின்னால் கொஞ்சம் தோட்டம். கத்தரி, மிளகாய், கீரை போட்டு செஞ்சி பஜாருக்குக் கொண்டுபோவோம். மண் வெறும் சரளை. களைக்கொத்து இறங்காத இடத்தில் கல்லை விரலால்தான் நெம்ப வேண்டும். செடியில் பூச்சி வந்தால் சாம்பல் தூவ வேண்டும். கிணற்றுக் கயிறு இழுக்க வேண்டும். அதற்கப்புறம் பாத்திரம் துலக்கச் சாம்பல், குழந்தைத் துணிக்குச் சலவைச் சோடா. மண் கையோடு பிள்ளையைத் தொடக் கூடாதே என்று கையைக் கழுவிக்கொண்டே இருப்பேன். தைப் பனி வேறு. உள்ளங்கை காய்ந்த ஏரி போலப் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. புளி கரைக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

கை அப்படிக் கிடந்தபோதுதான் எங்கள் மாதா கோயிலில் அந்த வருஷத் தேர் வந்தது. அதற்கு முந்தின மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு கண் சொருகிப்போனது. "தாயே, இவனக் குடுத்துடு. தேரன்னைக்கு என் கையாலயே உனக்குச் சேல கட்டறேன்" என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்துக்கொண்டான். தேருக்கு முன்னால் மாதா சொரூபத்துக்குப் புதுப் பட்டு கட்டுவது எங்கள் கோயில் வழக்கம். வேண்டிக்கொண்டவள் வந்து கேட்டால் அவளையே கட்ட விடுவார்கள்.

கோயில் பீடத் துணிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியம்மா இருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் பெரியம்மாதான். கொடியேற்றத்து அன்று அவரிடம் போய், தலையைக் குனிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"கட்டேன், யாரு வேணான்னா? எங்க, கையக் காட்டு."

காட்டினேன். அவர் பெட்டியிலிருந்து ஒரு பழைய பட்டை எடுத்து, அதன் ஓரத்தை என் உள்ளங்கையில் வைத்து இழுத்தார். சர்ரென்று சத்தம். ஒரு இழை என் கட்டைவிரல் வெடிப்பில் மாட்டிக்கொண்டு நீளமாக உருவிக்கொண்டு வந்தது.

"இன்னாடி இது, ஓணான் முதுகாட்டம்? நீ கட்டி முடிக்கறதுக்குள்ள மாதா சேல நாராப் பூடும். தேரன்னைக்குக் காத்தால வா. இதே பட்ட வெச்சிப் பாப்பேன். புடிச்சுதுன்னா வேற ஆளு கட்டட்டும். கோச்சிக்காத."

"சரிங்க பெரியம்மா" என்று மட்டும் சொன்னேன். நாலு பேர் முன்னால் அதற்கு மேல் பேச எனக்கு வாய் வராது. பிள்ளையைக் கொடுத்தவளுக்குச் சொன்ன வாக்கு. அதை வேறொருத்தி கையால் எப்படிக் கட்டச் சொல்வேன்?

எனக்குத் தெரிந்த வைத்தியம் மஞ்சள். விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அப்பிக்கொண்டேன். இரண்டு மூன்று நாளில் எரிச்சல் குறைந்தது. கையும் கொஞ்சம் இளகியது. ஆனால் பொன் போல மஞ்சள் ஏறிவிட்டது. அதைப் போக்கலாம் என்று கையைச் சோடாத் தண்ணீரில் முக்கினேன். மஞ்சள் மேல் சோடா பட்டால் என்ன ஆகும் என்று பெண்பிள்ளைகளுக்குத் தெரியும். அன்று எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. இரண்டு கையும் குங்குமமாகச் சிவந்துவிட்டது. தோட்டத்திலிருந்து வந்த என் வீட்டுக்காரர், "ஐயோ, ரத்தம்!" என்று போட்ட கூச்சலில் பிள்ளை வீறிட்டு அழுதான். கழுவியதும் சிவப்பு போய்ப் பழைய மஞ்சளே நின்றது. சோடா பட்டதில் மூடியிருந்த வெடிப்பும் திரும்ப வாய் திறந்துகொண்டது.

அடுத்த தெருவில் பாய் வீட்டு அக்கா இருந்தாள். பஜார் ஜவுளிக்கடைக்குப் பட்டுச் சேலை ஓரம் தைத்து, முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பாள். கத்தரிக்காய் கொடுக்கப் போகிற சாக்கில் கையைக் காட்டினேன். அவள் வெட்டிப்போட்ட வெள்ளைப் பட்டுத் துண்டு ஒன்றை என் கையில் வைத்து அழுத்தினாள். எடுத்துப் பார்த்தால் அஞ்சு விரலும் மஞ்சளாகப் பதிந்திருந்தது.

"அட அல்லாவே! நல்ல வேள, எங்கிட்ட வந்த. மாதா மேல கை வெச்சிருந்தா, அந்தம்மாவுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனாப்புல ஆயிருக்கும்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"உனக்கு மட்டும் எப்பிடிக்கா கை இப்பிடி இருக்குது? நீயுந்தான் ஆடு மாடு பாக்குற."

அவள் நூலுக்குத் தேய்க்கிற தேன்மெழுகில் ஒரு சுண்டைக்காய் அளவு கிள்ளினாள். சின்னக் கிண்ணத்தில் ஒரு கரண்டி தேங்காயெண்ணெயோடு போட்டு, கிண்ணத்தைக் கொதிக்கிற தண்ணீரில் இறக்கினாள். மெழுகு கரைந்ததும் எடுத்து ஆறவைத்தாள். வெண்ணெய் போல உறைந்தது.

"காஞ்ச கையில எதத் தடவனாலும் மேலாலயே நிக்கும். கழுவிட்டு, லேசா ஒத்திட்டு, ஈரம் இருக்கறப்பவே தடவு. ஈரம் உள்ள தங்கிடும். படுக்கறப்ப தடவிப் பழந்துணியச் சுத்திக்க. சாம்பலயும் சோடாவயும் தொடாத."

"அப்ப பாத்திரம் யாரு துலக்கறது?"

"உன் ஊட்டுக்காரரு கையில இன்னா மருதாணியா வெச்சிருக்குது?"

அதை நான் அவரிடம் எப்படிச் சொல்வது? பாய் வீட்டு அக்கா சொன்னதாகச் சொல்லிவிட்டேன். ரத்தம் என்று பயந்தவர்தானே, ஒத்துக்கொண்டார். யார் கண்ணிலும் படாமல் கிணற்றுக்குப் பின்னால் உட்கார்ந்து துலக்கினார். அப்படியும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்துவிட்டார்.

"இன்னா மாப்ள, மாதாவுக்கு வேண்டுதலா?"

"ஆமா மச்சான். நீயும் வேண்டிக்க, அங்க ஒரு அண்டா இருக்குது."

என் வீட்டுக்காரருடைய பழைய பனியனை வெட்டி இரண்டு கைக்கும் உறை போலத் தைத்துக்கொண்டுதான் களை எடுத்தேன். கை கழுவ அரிசி களைந்த தண்ணீர். ஒவ்வொரு தடவையும் ஈரம் போவதற்குள் மெழுகு. வெடிப்பின் ஓரம் முதலில் மெத்தென்று ஆனது, பிறகு அடி மூடியது. மஞ்சளும் தானாக மங்கிவிட்டது. தோல் உரிந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சொரசொரப்பு நின்றது. அதைப் பிய்க்காதே என்று அக்கா அதட்டியிருந்தாள். பிய்க்கவில்லை.

தேர் அன்று மெழுகு கூடாது, பட்டில் எண்ணெய்க் கறை விழும் என்றும் அவள்தான் சொன்னாள். காலையில் பயத்தமாவு தேய்த்துக் கழுவி, சுத்தமாகத் துடைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பெரியம்மா அதே பழைய பட்டை எடுத்தார். உள்ளங்கையில் இழுத்தார். சத்தமே இல்லை. கையைப் புரட்டி விரல் இடுக்கில் இழுத்தார். கட்டைவிரலில் வேண்டுமென்றே இன்னொரு தடவை இழுத்தார். பட்டு தண்ணீர் மாதிரி போனது.

"இன்னாடி போட்ட?"

"மெழுகுங்க பெரியம்மா."

"கோயில் மெழுகுவத்தியா?"

"இல்லீங்க. பாய் வீட்டு அக்கா குடுத்த தேன்மெழுகு."

அவர் என் உள்ளங்கையைத் தன் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "எனக்கும் ஒரு கட்டி வாங்கியா" என்று சொல்லிப் புதுச் சேலையை என்னிடம் கொடுத்தார்.

முக்காலி மேல் ஏறி நின்று கட்டினேன். மாதா கையில் பாலன் இருப்பதால் முந்தானையைச் சுற்றிக் கொண்டுவருவது சுலபம் இல்லை. கொசுவத்தை விரலால் நீவி நீவி, குண்டூசி வெளியே தெரியாமல் குத்தினேன். ஒரு இழை பிடிக்கவில்லை. பெரியம்மா கிட்டே வந்து எட்டி எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் தள்ளிக்குங்க பெரியம்மா, வெளிச்சம் மறைக்குது" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். அவர் தள்ளிக்கொண்டார்.

அந்தச் சேலை ஊதா என்றுதான் என் நினைவு. நீலமாகவும் இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பழைய சேலைகளைக் கோயிலில் பெட்டியில் வைத்திருப்பார்கள். அங்கே போகிறவர்கள் யாராவது அதைத் தேடி எடுத்து நிறத்தைச் சரிபார்த்துச் சொன்னால் இதில் திருத்திக்கொள்ளலாம். அப்படியே முந்தானையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தும் பாருங்கள். எங்கேயாவது இழை இழுத்திருந்தால் அது எனக்குப் பிறகு தொட்டவர்கள் கையாகத்தான் இருக்கும்.