கண்ணை மூடிக்கொண்டு ஒரு புகார்

“கிருபையுள்ள ஆண்டவரே, இந்த நாளுக்காக உமக்கு ஸ்தோத்திரம். எங்களைக் கண்மணிபோல் காத்துக்கொண்டீர். இன்னைக்கும் ஈரத் துண்டை மெத்தை மேல போட்டுட்டுப் போனவங்களுக்கு நல்ல புத்தியைத் தாரும்.”

எதிர்வீட்டு லிஃப்ட்காரர் கண்களை இறுக மூடித்தான் இருக்கிறார். கைகளும் கூப்பியபடிதான். ஆனால் ‘போட்டுட்டுப் போனவங்களுக்கு’ என்று வரும்போது அவருடைய முழங்கை மனைவியின் பக்கம் லேசாகச் சாய்கிறது. மனைவி சளைத்தவர் இல்லை. தம் முறை வந்ததும் அவரும் கண்ணை மூடிக்கொண்டே ஆரம்பிக்கிறார்: “ஆண்டவரே, அந்தத் துண்டை எடுத்துக் காயப் போட உம்முடைய அடியானுக்கும் ரெண்டு கை இருக்குங்கறதை ஞாபகப்படுத்தும்.”

லிஃப்ட்காரரின் வேலை, மின்தூக்கிகளைப் பழுதுபார்ப்பது. ஊரில் பாதிப் பேர் அவரால்தான் மேலே போகிறார்கள் என்று மனைவி கேலி செய்வார். எந்தக் கட்டடத்தில் நுழைந்தாலும் பொத்தானை அழுத்துவதற்கு முன் கதவில் காதை வைத்துக் கேட்பார். பல் தேய்க்கும்போதும் ஏதோ ஒரு ஞானப்பாட்டை முனகுவார். சொற்கள் நுரையோடு போய்விடும், ராகம் மட்டும் எங்கள் வீடு வரை வரும். மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைக்கிறார். ஒரே மகள், மருந்துக் கடையில் வேலை. சாயங்காலம் அப்பாவும் மகளும் வீடு வந்து சேர்ந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், மூவரும் கூடத்தில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். வாசல் கதவைத் திறந்து வைத்துத்தான் ஜெபம். காற்றுக்காகவாம். அந்தக் காற்றில்தான் ஒருநாள் என் காதுக்கும் செய்தி வந்தது: “எதிர்வீட்டு சார் விடியக்காலம் ரேடியோவை அலற விடுறார் ஆண்டவரே, அவருக்கு மெல்லிய சத்தத்தைக் கேட்கும் செவியைத் தாரும்.” மறுநாளே சத்தத்தைக் குறைத்துவிட்டேன். கடவுள் வரைக்கும் போய்விட்ட விவகாரம். அதற்கு மேலும் பிடிவாதம் பிடிப்பது மரியாதையாக இருக்காது.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று லிஃப்ட்காரரிடம் ஒருமுறை கேட்டேன். சிரித்தார்.

“கல்யாணம் ஆன புதுசுல பெரிய சண்டை சார். எதுக்குன்னு கேக்காதீங்க, எங்களுக்கே மறந்துபோச்சு. ரெண்டு பேரும் பேசறதில்ல. ஆனா ராத்திரி ஜெபம் பண்ணாம சாப்பிடவும் முடியல, அப்படி வளர்ந்துட்டோம். பக்கத்துல பக்கத்துல உக்காந்து, அவ என்னைப் பத்தி ஆண்டவர்கிட்ட சொன்னா, நான் அவளைப் பத்திச் சொன்னேன். பாதியிலேயே ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. மூணாவதா ஒருத்தர் உக்காந்து கேக்கறார்னா வாய் தானா அடங்கும்ல சார்? அன்னையிலேர்ந்து எங்க வீட்டுச் சண்டை எல்லாம் அவர் முன்னாடிதான்.”

இதற்கு ஒரு சட்டமும் உண்டு. யாரைப் பற்றிக் குறை சொல்கிறாரோ, அதே ஆளுக்காக ஒரு நன்றியும் சொல்லியாக வேண்டும். தப்பிக்க முடியாது. ஒருநாள் கணவரின் குறட்டையைப் பற்றி விரிவாக முறையிட்ட மனைவி, நன்றிக்கு வந்தபோது கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அந்தச் சத்தம் கேக்கற வரைக்கும் ஆள் பக்கத்துல இருக்கார்னு தெரியுது ஆண்டவரே. அதுக்கு ஸ்தோத்திரம்.” அன்றைக்கு லிஃப்ட்காரரால் ஆமென் சொல்ல முடியவில்லை.

வேலை நேரம் என்றாலும் ஜெபத்துக்கு விடுப்புக் கிடையாது. ஒரு சாயங்காலம் எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வக்கீலும் ஓர் அம்மாளும். இவர் கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கதவை நெம்பியபடியே வீட்டு ஜெபத்தில் கலந்துகொண்டார். பையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: “ஆண்டவரே, மத்தியானச் சாப்பாட்டை மறந்துட்டுப் போயிட்டார். பசியில கை நடுங்காம பாத்துக்கொள்ளும்.” உள்ளேயிருந்து அந்த அம்மாள், “கை நடுங்குமா?” என்றாராம். அன்றைக்கு எல்லோரையும் விட உரக்க ஆமென் சொன்னவர் வக்கீல்தான்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாக இருந்த வீட்டில் போன மாதம் ஒரு நெருக்கடி. மகள் ஒரு பையனை மனதில் வைத்திருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். மூக்குக்கும் காதுக்கும் சரியாக உட்காரும்படி சட்டங்களை வளைத்துக் கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ஆலயத்துக்கு வருகிறவன்தான். லிஃப்ட்காரர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “ஞாயித்துக்கிழமை யார் வேணா நல்லவனா இருக்கலாம் சார்,” என்றார் என்னிடம். “புதன்கிழமை பசியோட வீட்டுக்கு வரும்போது எப்படி இருக்கான்? அதான் எனக்குத் தெரியணும். எங்க ஜெபத்துல ஒரு தடவ வந்து உக்காரட்டும். அப்புறம் சொல்றேன்.”

மகளுக்கு ஒரே கவலை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு அவனை வறுத்தெடுத்துவிட்டால் என்ன செய்வது? குறையே சொல்ல மாட்டேன் என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அது போதாது என்று என்னையும் கூப்பிட்டாள். “நீங்களும் வந்து உக்காருங்க மாமா. வெளியாள் இருந்தா அப்பா கொஞ்சம் அடக்கி வாசிப்பாரு.”

போனேன். வீட்டுக்காரர்கள் மூவரும் வழக்கம்போல் கீழே விரிப்பில். வெளியாட்கள் நானும் அவனும் நாற்காலியில். பையன் சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். லிஃப்ட்காரர் வேதத்தில் ஒரு பகுதியை வாசித்துவிட்டு ஜெபிக்க ஆரம்பித்தார். குறை சொல்லக் கூடாது என்றதும் மனிதருக்குச் சொல்வதற்கு ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. சூரியனுக்காக ஸ்தோத்திரம் சொன்னார். சந்திரனுக்காகச் சொன்னார். மலைகள், ஆறுகள், ஆகாயத்துப் பறவைகள் எல்லாம் முடிந்து கடலுக்குள் இறங்கி, “திமிங்கலங்களுக்காகவும்” என்றபோது மனைவி இருமினார். மகளின் பக்கமிருந்து அடக்கிய சிரிப்புக் கேட்டது. நான் கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டேன்.

“தம்பி, நீங்க ஜெபம் பண்ணுங்க,” என்றார் லிஃப்ட்காரரின் மனைவி. “மனசுல என்ன இருக்கோ, அதைச் சொன்னா போதும்.”

பெரியவர்கள் பேச்சுக்குச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறவன் போலிருக்கிறது. அவன் சொன்னான்:

“ஆண்டவரே, நான் வந்ததுலேர்ந்து இந்த வீட்டு அப்பா என் முகத்தைப் பாக்கவே இல்ல. வாசல்ல விட்ட என் செருப்பைத்தான் பாத்துட்டிருந்தார்.”

மகள் பட்டென்று தலையைக் கையில் பிடித்துக்கொண்டாள். ஆம், நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அந்த நிலைமையில் யாராக இருந்தாலும் திறந்திருப்பார்கள். அவன் கண் மட்டும் மூடியே இருந்தது. குரல் இறங்கிப்போயிருந்தது.

“எங்க வீட்டுல யாரும் இப்படிச் சேர்ந்து உக்காந்ததே இல்ல ஆண்டவரே. ஆளுக்கு ஒரு அறை. சண்டை வந்தா கதவைச் சாத்திக்குவாங்க, அவ்வளவுதான். ஜெபம் பண்ண நான் சர்ச்சுலதான் கத்துக்கிட்டேன். வீட்டுல எப்படின்னு எனக்குத் தெரியாது. அதை இவர் கண்டுபிடிச்சிடுவாரோன்னு பயமா இருக்கு. இந்தப் பொண்ணு இல்லாம என்னால முடியாது.”

“நன்றி,” என்று மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கீழேயிருந்து கிசுகிசுத்தாள். “அப்பாவுக்கு ஒரு நன்றி சொல்லணும்.”

அவன் யோசித்தான். சட்டம் புரிந்ததா என்று தெரியவில்லை. “கதவைத் திறந்து வெச்சிருந்தார்,” என்றான். “அதுக்கு ஸ்தோத்திரம்.”

அதோடு நின்றுவிட்டான். ஆமென் சொல்ல மறந்துவிட்டானோ, தைரியம் வரவில்லையோ. லிஃப்ட்காரரின் மனைவி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. எல்லோருடைய உயிரும் லிஃப்ட்காரரின் வாயில் இருந்தது. அவர் கண்ணைத் திறக்காமலே உட்கார்ந்த வாக்கிலேயே மனைவியை இடித்துத் தள்ளிக்கொண்டு நகர்ந்தார். தமக்கும் மகளுக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் வந்ததும், விரிப்பின் மேல் அந்த இடத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.