கிரேன் கூண்டுக்குத் திரும்பிய என் மாப்பிள்ளை

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பெரிய பழக்கம் கிடையாது. வரைபடம் படிக்கக் கற்றுக்கொண்டது செங்கல் சுமந்த இடத்தில்தான். அப்படிச் சுமந்தவன்தான் இன்றைக்கு அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற கட்டடங்களைக் கட்டுகிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எவனையும் பார்த்து வாயைப் பிளந்து நின்றவன் இல்லை நான். என் தங்கச்சி வீட்டுக்காரர் ஒருத்தர்தான் என்னை அப்படி நிற்க வைத்தார்.

அவர் என் சைட்டில் டவர் கிரேன் ஓட்டுகிறவர். ஏணியில் ஏறி உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால், கீழே நிற்கும் நாமெல்லாம் அவருக்கு எறும்பு. ஒரு கட்டு இரும்புக் கம்பியைத் தேநீர்க் குவளைக்குப் பக்கத்தில் இறக்குவார், தேநீர் தளும்பாது. அந்தக் கை எனக்கு வாய்க்கவில்லை. வேறு எவனுக்கும் வாய்க்கவில்லை என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

அவருக்கு மலக்குடலில் கட்டி வந்தது. டாக்டர்கள் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, மிச்சக் குடலைக் கீழே இணைத்துத் தைத்தார்கள். தையல் ஆறும்வரை வயிற்றில் ஒரு துளை, அதில் ஒரு பை. பிறகு துளையை மூடிப் பையை எடுத்தார்கள். "எல்லாம் முடிஞ்சுது, மாப்ள பழைய ஆளாயிட்டார்" என்று ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தவன் நான்தான்.

உண்மையில் கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

மலக்குடல் என்பது கிடங்கு மாதிரி. சரக்கு வந்தால் அங்கே தங்கும், நமக்கு வசதிப்படும்போது வெளியே அனுப்புவோம். கிடங்கையே இடித்துவிட்டால்? லாரியில் வந்தது நேராகத் தெருவுக்குப் போகும். போய்விட்டு வந்து உட்காருவார், உடனே திரும்பவும் ஓடுவார். கேட்டால் கொஞ்சம்தான் போயிருக்கும், ஆனால் இன்னும் பாக்கி இருக்கிற மாதிரியே இருக்கும். வருவது காற்றா மலமா என்றும் அவருக்குத் தெரியாது. தோல் எரியும். சாப்பாட்டைக் கண்டாலே பயம். இரண்டு கவளம் உள்ளே போனதும் வயிறு கூப்பிட்டுவிடும்.

"அண்ணே, உங்க மாப்பிள்ளை கக்கூஸுக்குள்ளயே குடித்தனம் பண்றார். நான் வாசல்ல நின்னு கதவைத் தட்டித்தான் பேச வேண்டியிருக்கு" என்று தங்கச்சி சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "பேசாம கட்டிலையும் இங்கயே போட்டுரு. நான் வீடு மாறிட்டேன்னு மச்சான் கிட்ட சொல்லிரு."

நான் மனதில் இருந்ததைச் சொன்னேன். "மாப்ள, கீழயே ஒரு வேலை தர்றேன். சாமான் அறையைப் பார்த்துக்குங்க. பக்கத்துலயே கழிவறை. சம்பளத்துல ஒரு குறையும் வைக்க மாட்டேன்."

கதவு திறந்தது. முகம் வெளுத்து, வேட்டியை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். "மச்சான், கூண்டுல உக்காந்தா நான் ஓட்டுநர். சாமான் அறையில உக்காந்தா நான் நோயாளி. எனக்குக் கூண்டு வேணும்."

"பாரம் நடு வானத்துல தொங்கும்போது வயிறு கூப்பிட்டா என்ன பண்ணுவீங்க? கீழ ஆள் நிக்குது."

அந்தக் கேள்வியோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

அங்கே இந்தத் தொல்லைக்கென்றே ஒரு நர்ஸ் இருந்தார். கொஞ்சம் கறார்ப் பேர்வழி. முன்பே ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தாராம். ஆசனவாய்த் தசையை இறுக்கிப் பிடித்து, பிறகு விட வேண்டும். அன்றைக்குப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஏன் தசை இவ்வளவு சோர்ந்து கிடக்கு? பயிற்சி பண்றீங்களா இல்லையா?"

"காலையில எழுந்ததும் இறுக்கிப் பிடிப்பேன் சிஸ்டர். படுக்கப் போற வரைக்கும் விடவே மாட்டேன்!" என்றார் மாப்பிள்ளை, முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி.

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். "நாள் பூராவுமா?"

"ஆமா. விட்டா போயிருமே."

"நீங்க கிரேன் ஓட்டுறவர்தானே? கொக்கியில பாரத்தை மாட்டி நாள் பூரா தொங்கவிட்டு வைப்பீங்களா?"

"ஐயையோ! அப்படிச் செஞ்சா இவரு என்னை வேலையை விட்டே தூக்கிருவார்" என்று என்னைக் காட்டினார். "தூக்கினா இறக்கணும் சிஸ்டர். வேலை இல்லாதப்போ கொக்கி காலியா இருக்கணும்."

"அப்போ இதை மட்டும் ஏன் தொங்கவிட்டிருக்கீங்க?"

மாப்பிள்ளை குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்ததில் அவசரம் வந்து ஓடினார். திரும்பி வந்து, இன்னும் சிரித்துக்கொண்டே, "சிஸ்டர், முதல்ல இருந்து சொல்லுங்க" என்று உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து அவர் தன் உடம்பைக் கிரேன் மாதிரி ஓட்ட ஆரம்பித்தார். இறுக்குவார், விடுவார், ஓய்வு கொடுப்பார். மூச்சை அடக்க மாட்டார். மலம் கெட்டிப்பட ஒரு தூள், குடலின் வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, இரண்டும் டாக்டர் சொன்ன அளவில். எதைச் சாப்பிட்டால் வயிறு ஓடுகிறது, எதைச் சாப்பிட்டால் அடங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கினார். டாக்டர் சரி என்று சொன்னபிறகு, ஆசனவாய் வழியாக வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குடலைக் காலி செய்யும் முறையையும் நர்ஸ் கற்றுக்கொடுத்தார். காலையில் அதற்கென்றே உட்காருவார். முடித்துவிட்டு வெளியே வந்து, "கொக்கி காலி" என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டுத்தான் சட்டையை மாட்டுவார்.

இத்தனை கட்டடம் கட்டினேனே, எல்லாம் ஆள் வைத்துத்தான். இவர் தன் வயிற்றுக்குள் தனி ஆளாகக் கட்டிக்கொண்டிருந்தார். சில நாள் எல்லாம் சரிந்து விழும். கழிவறைத் தரையில் உட்கார்ந்து அழுதார் என்று தங்கச்சி சொன்னாள். மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீரைச் சுட வைத்துக்கொண்டிருப்பார்.

முதலில் கீழே நின்று கொக்கி மாட்டினார். பிறகு இன்னொரு ஓட்டுநர் துணையோடு கூண்டில் கொஞ்ச நேரம். கிரேன் அடியிலேயே ஒரு கழிவறை வைத்துக் கொடுத்தேன். இந்த யோசனை என்னுடையது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வந்து கேட்டார்.

"தனியா ஒரு பாரம் தூக்கணும் மச்சான்."

"கூரைக்குத் தண்ணித் தொட்டி போகணும். தூக்குங்க. பாரம் ஆடினாலோ, நடுவுல கைப்பிடியை விட்டுட்டாலோ, அதோட கூண்டை மறந்துரணும். உறவு வேற, கீழ நிக்கிறவன் தலை வேற."

"சரி."

கீழே சைகை காட்டுகிறவருக்கு எல்லோரும் வைத்த பேர் விசில். அவரும் நானும் வாக்கி டாக்கியோடு நின்றோம். தொட்டி தரையை விட்டு எழும்பியது. பாதி உயரம் தாண்டியதும் வாக்கி டாக்கி கரகரத்தது.

"விசிலண்ணே, வருது."

விசில் சட்டென்று உச்சியில் கட்டியிருந்த கொடியைப் பார்த்தார். "என்னது, காத்தா?"

"காத்தா இல்லையான்னு எனக்கே தெரியல அண்ணே!"

விசிலுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் என்னைப் பார்த்தார். தொட்டி ஆடுகிறதா என்று அதன் அடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாக்கி டாக்கியில் மூச்சு மட்டும் கேட்டது. அடக்கிய மூச்சு இல்லை, உள்ளே போய் வெளியே வருகிற நிதானமான மூச்சு. அந்த மூச்சுக்கு ஏற்றபடி தொட்டி மேலே போனது, திரும்பியது, கூரைக்கு நேராக நின்றது. ஒரு சாண் ஆடவில்லை. ஒரு விரல்கூட ஆடவில்லை.

"இறக்குறேன்."

தொட்டி உட்கார்ந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மேலே இருந்தவர்கள் கொக்கியைக் கழற்றிவிட்டோம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் குரல் வந்தது. வாக்கி டாக்கி வைத்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

"விசிலண்ணே, பாரம் எறங்கிருச்சு. என்னோடதும் எறங்கிருச்சு. துணி மாத்தணும், கீழ வர்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. விசில், "வாங்க. தண்ணி பிடிச்சு வைக்கிறேன்" என்றார்.

அவ்வளவு நீள ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் பேட் வைத்திருந்தும் கால்சட்டை கறைபட்டிருந்தது. அதை மறைக்க அவர் கையைக் கூடக் கொண்டுபோகவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"பாரம் ஆடிச்சா மச்சான்?"

"ஆடல."

"கைப்பிடியை விட்டேனா?"

"விடல."

"அப்போ?"

இவரை விட உசரமான ஆளை நான் பார்த்ததில்லை. என் தோளுக்குத்தான் வருவார். அவர் தோளில் கை வைத்தேன். "குளிச்சுட்டு வாங்க மாப்ள. அடுத்து கண்ணாடிப் பலகை வருது, அதை வேற எவன் கையிலும் குடுக்க முடியாது."

குளித்தார், துணி மாற்றினார், திரும்பவும் ஏறினார். ஒவ்வொரு படியாக அவர் மேலே போவதை அண்ணாந்து பார்த்தபடியே நின்றிருந்தேன். பின்னால் பாதுகாப்பு மேற்பார்வையாளன் சத்தம் போட்டான்.

"ஐயா, சைட்டுக்குள்ள ஹெல்மெட்டைக் கழட்டக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதான்!"

குனிந்து பார்த்தேன். ஹெல்மெட் என் கையில் இருந்தது. எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை.